கிணற்றில் இருப்பவர்

எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வாளியை உள்ளே விடுவதற்கு முன் அதைக் கிணற்றுக் கட்டில் இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறகுதான் கயிற்றை விடலாம். திருமணமாகித் தர்மபுரத்துக்கு வந்த மறுநாள் காலையில் முகம் கழுவப் போன என்னிடம் மாமி சொன்ன முதல் வீட்டு விதி அதுதான். குசினியில் சமைப்பதைப் பற்றியோ சாமியறையைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை.

“தட்டிப்போட்டு விடு பிள்ளை. கீழை ஆளிருக்கு.”

நான் கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மாமி சிரித்துக்கொண்டே எட்டிப் பார்க்கச் சொன்னார். பச்சை படிந்த தண்ணீரின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவில் கறுப்பாக ஒன்று மிதந்தது. அதன் ஓரத்தில் விரல் அளவு தலை. மாமி வாளியை எடுத்து இரண்டு தரம் தட்டினார். தலை உள்ளே போனது, உடம்பு சாய்ந்தது, அவ்வளவுதான், ஆமை இல்லை. தண்ணீருக்கு அடியில் கட்டு உடைந்த இடத்தில் ஒரு பொந்து இருக்கிறது, அதற்குள் போயிருக்கும் என்றார்.

அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. ‘அவர்’ என்றுதான் சொல்வார்கள். இடப்பெயர்வுக்குப் பிறகு மாமியின் குடும்பம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, நிலைகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கிணற்றுக்குள் மரக்கொப்பும் தகரமும் கிடந்தன. எல்லாவற்றையும் அள்ளி இறைத்தபோது அடிச் சேற்றில் இந்த ஆமை உயிரோடு இருந்தது. ஓட்டின் ஒரு பக்கம் சிறிய துண்டு உடைந்திருந்தது. அவர்கள் போவதற்கு முன்பே கிணற்றில் இருந்ததா, இடையில் வெள்ளத்தோடு வந்து விழுந்ததா என்பது யாருக்கும் தெரியாது. மாமிக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை.

“இந்த வீட்டு ஆக்களிலை இடம்பெயராத ஆள் இவர் ஒருத்தர்தான்” என்பார், வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டும்போது, ஏதோ மூத்த உறவினரை அறிமுகப்படுத்துவதைப் போல.

எனக்கும் அது பழகிப்போயிற்று. தட்டுவது என்பது நான் நினைத்துச் செய்கிற காரியமாக இல்லாமல் கை தானாகச் செய்கிற காரியம் ஆகிவிட்டது. ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கேயும் தட்டினேன். அங்கே கிணற்றில் தவளைகூடக் கிடையாது. அம்மா குசினி வாசலில் நின்று, “என்ன, கதவு தட்டிக் கேட்டுத்தான் உங்கடை ஊரிலை தண்ணி அள்ளுறவையோ?” என்று கேட்டார்.

மகன் பிறந்த பிறகுதான் அந்த ஆமையை நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன்.

மகனுக்கு ஒன்றரை வயது நடந்துகொண்டிருந்தது. மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் மூன்று தரம் வயிற்றோட்டம் வந்தது. முதல் தரம் பல் முளைக்கிறது என்றார்கள். இரண்டாம் தரம் யாரோ கொடுத்த பிஸ்கட் என்றார்கள். மூன்றாம் தரம் கிணற்றுத் தண்ணீர் என்று நான்தான் சொன்னேன். மகன் நித்திரையான ஒரு மதியம் தொலைபேசியில் தேடித் தேடி வாசித்தேன். ஆமைகளின் உடலில் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருக்கலாம் என்றும், சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவதானம் தேவை என்றும் எழுதியிருந்தார்கள். ‘இருக்கலாம்’ என்றுதான் இருந்தது. ஆனால் அந்த ‘லாம்’ எனக்குக் கண்ணில் படவில்லை.

தண்ணீர் விடயத்தில் எனக்குப் பயம் அதிகம் என்று என் கணவர் சொல்வார். அது உண்மைதான். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது இடம்பெயர்ந்து தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே கிடந்த நாட்களில், பள்ளம் தோண்டி ஊறிய தண்ணீரைச் சேலைத் தலைப்பில் வடித்துத்தான் குடித்தோம். தம்பிக்கு வயிற்றால் அடித்தது. அம்மா அவனுடைய துணிகளைக் காயப்போடும் கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கயிற்றில் துணி கூடினால் அவருடைய முகம் மாறும். தம்பி தப்பிவிட்டான், இப்போது லொறி ஓட்டுகிறான், இரண்டு பேர் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிடுகிறான். ஆனாலும் என் மகனுடைய துணிகள் கொடியில் கூடும்போது நான் அம்மா பார்த்ததைப் போலவே பார்க்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது.

குடும்பநல உத்தியோகத்தர் மகனின் நிறையை நிறுத்துப் பார்க்க வந்தபோது கேட்டேன்.

“மிஸ், கிணத்துக்குள்ளை ஆமை இருந்தா தண்ணி பிழையோ?”

“நீங்கள் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறியள்?”

“ஓம் மிஸ். பத்து நிமிசம்.”

“அப்ப ஏன் யோசிக்கிறியள்? விருப்பமெண்டா குளோரின் போடுங்கோ. பி.எச்.ஐ. ஐயாட்டைச் சொல்லி அனுப்பிவிடுறன்.”

அவர் சொல்லி அனுப்பினார். சுகாதாரப் பரிசோதகரிடமிருந்து குளோரின் தூள் ஒரு பையில் வந்தது, எப்படிக் கரைப்பது என்ற தாளோடு. அதை நான் அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதைப் பார்த்ததுமே மாமியின் முகம் இறுகிவிட்டது.

“சித்திரையிலை கிணறு இறைப்பம்தானே. அப்ப அவரை வெளியிலை எடுத்துப்போட்டு என்ன மருந்தெண்டாலும் போடுங்கோ.”

“சித்திரைக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு மாமி.”

“அவர் இருக்கேக்கை போடேலாது பிள்ளை. கண் போயிடும்.”

அத்தோடு பேச்சு முடிந்தது. மாமி சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கணவரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குப் புளியங்குளத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை, சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார்.

“நீர் சொல்லுறதும் சரி, அம்மா சொல்லுறதும் சரி” என்றார்.

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“ஆமையிட்டைக் கேட்டுப் பாரும்.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே தண்ணீரூற்றில் மாமியின் தங்கை கட்டிய புது வீட்டுக்குக் குடிபூரல் வந்தது. மாமி வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனார், மறுநாள் பின்னேரம் வருவதாகச் சொல்லிவிட்டு. போகும்போது வாசல் படலையில் நின்று, “பிள்ளை, பூனைக்குச் சோறு வை. அவருக்கு ரெண்டு கீரைத் தண்டு போடு” என்றார்.

மாமி போய் அரை மணித்தியாலத்தில் மகன் மறுபடியும் தண்ணீராகப் போனான்.

இந்த இடத்தை நான் பலமுறை எனக்குள்ளே வேறு விதமாக நடத்திப் பார்த்திருக்கிறேன். மகனைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகிறேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறேன். கிணறு இறைக்கிற ஆளுக்கு ஒரு அழைப்பு எடுக்கிறேன். இதில் எதையும் நான் செய்யவில்லை. மகனுக்கு உப்புக்கரைசல் கொடுத்து, கழுவித் துடைத்து, நித்திரையாக்கிவிட்டு, கதிரையை இழுத்து வைத்து அலுமாரிக்கு மேலிருந்த பையை எடுத்தேன்.

ஆமையை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இருக்கவில்லை. அதைக் கொல்வதற்கு நான் போகவில்லை. அது மேலே மிதந்துகொண்டிருந்தது. வாளியைத் தாழ்த்தி அதன் கீழே கொண்டுபோய்த் தூக்கினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வாளியை விட்டேன். ஆமை போய்விட்டது. பத்து நிமிடம் காத்திருந்தேன், மேலே வந்தது. மறுபடி விட்டேன். மறுபடி போய்விட்டது. ஆறோ ஏழோ தரம். ஒவ்வொரு தரமும் வாளிக்குள் தண்ணீர்தான் வந்தது. மகன் எழும்பிவிடுவானோ என்று இடையிடையே ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏழாம் தரத்துக்குப் பிறகு எனக்குக் கோபம் வந்தது. ஓர் ஆமையின் மேல் கோபம். நான் உனக்கு நல்லதுதானே செய்கிறேன், ஏன் விளங்கவில்லை என்று வாய்விட்டே கேட்டேன்.

அதன் பிறகு நானே எனக்குச் சில காரணங்கள் சொன்னேன். பொந்துக்குள் மருந்து அவ்வளவாகப் போகாது. தண்ணீர் நிறைய இருக்கிறது, தூள் கொஞ்சம்தான். மணம் பிடிக்காவிட்டால் அதுவே மேலே வரும், அப்போது எடுக்கலாம். உயர்தரத்தில் கணிதம் படித்தவள் நான். கிணற்றின் ஆரையை அளந்து, கயிற்றில் கல்லைக் கட்டி ஆழத்தைப் பார்த்து, எத்தனை லீற்றர் என்று மகனுடைய கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். விடை மிகச் சரியாக இருந்தது. தாளில் சொல்லியிருந்தபடி தூளை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும்வரை பொறுத்து, தெளிந்த நீரைக் கிணற்றின் நாலு பக்கமும் ஊற்றினேன். வாளியை ஏற்றி இறக்கிக் கலக்கினேன்.

அது மேலே வர அதிக நேரம் எடுக்கவில்லை.

வழமையாக அது மிதக்கும்போது தலை மட்டும் வெளியே தெரியும், உடம்பு அசையாது. இப்போது நான்கு கால்களாலும் கிணற்றுக் கட்டைப் பிறாண்டியது. கட்டு செங்குத்தாக வழுக்கலாக இருந்தது. கொஞ்சம் ஏறி விழுந்தது. கழுத்தை நான் அதுவரை காணாத நீளத்துக்கு வெளியே நீட்டி வாயைத் திறந்தது. ஆமை கத்தாது. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது, மேலேயிருந்து பார்க்கும் எனக்குச் சத்தமே இல்லாமல்.

நான் வாளியை எடுத்து விட்டேன். அது கீழே போய்விட்டது, அந்த மருந்துக்குள்ளேயே. மறுபடி வந்தது. மறுபடி விட்டேன், மறுபடி போனது.  உள்ளே மகன் எழும்பி அழத் தொடங்கினான். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் கயிற்றைப் பிடித்து நின்றபோது ரோட்டில் மீன்காரரின் ஹோர்ன் கேட்டது.

அவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். முன்பு கடலுக்குப் போனவர், முழங்கால் நோ வந்த பிறகு விற்கிற வேலைக்கு மாறியவர். சைக்கிள் கைபிடியில் எப்போதும் ஒரு செபமாலை தொங்கும். அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பதால் எங்கள் படலையில் நிற்காமல் போயிருப்பார். நான் கையைக் காட்டினேன்.

“வெள்ளிக்கிழமையிலை மீனோ தங்கச்சி? மாமி இல்லைப் போலை.”

“மீனில்லை அண்ணை. ஒருக்கா உள்ளுக்கு வாங்கோ.”

“என்ன, வாளி விழுந்திட்டுதோ?”

“ஆமை அண்ணை. வெளியிலை எடுக்கவேணும்.”

“நான் மீன் விக்க வாறன், நீங்கள் ஆமை வைச்சிருக்கிறியள்.” எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளித்தார். “என்னது, ஆசுப்பத்திரி மணம் மணக்குது?”

 அவர் என்னையும் இடுப்பிலிருந்த மகனையும் கிணற்றுக் கட்டில் கிடந்த வெள்ளைத் தூளையும் பார்த்தார். 

“சரி, வாளியை விடுங்கோ பாப்பம். எப்பிடிப் போறார் எண்டு பாப்பம்.”

நான் வாளியை எடுத்து விட்டேன். ஆமை போய்விட்டது.

“நில்லுங்கோ” என்றார். “ஏன் தட்டினனீங்கள்?”

“என்ன?”

“வாளியை விட முதல் கட்டிலை ரெண்டு தரம் தட்டினனீங்கள். ஏன்?”

 தட்டியது எனக்கே தெரியாது. “அது, வாளி வருது எண்டு அதுக்குத் தெரியவேணும். படாமல் விலகிறதுக்கு” என்றேன்.

“வாளி வருது, விலகு எண்டு சொல்லுறியள். அவர் விலகிறார். பேந்து ஏன் விலகிறாய் எண்டு அவரோடை கோவிக்கிறியள்.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டு பகிடியாகத்தான் சொன்னார். காலையில் ஏழு தரம், மருந்து ஊற்றிய பிறகு நாலோ ஐந்தோ தரம். அத்தனை தரமும் என் கை தட்டியிருக்கிறது. விலகச் சொன்னால் விலகும் என்று இந்த வீடு அதற்குப் பல வருடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தது. அது சொன்ன சொல்லைக் கேட்டது. நான் தட்டாமல் விட்டிருந்தால் முதல் தரத்திலேயே வந்திருக்கும், மருந்து ஊற்றுவதற்கு முன்பே.

மீன்காரர் பெட்டிக்கு மேலே கட்டியிருந்த பிளாஸ்டிக் கூடையை எடுத்து நான்கு மூலையிலும் கயிறு கட்டினார். அடியில் ஒரு கல்லும் ஒரு மீன்தலையும் வைத்தார். கப்பி கிறீச்சிடும் என்று அதில் போடாமல் கையாலேயே மெதுவாக இறக்கி, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே பிடித்துக்கொண்டு நின்றார்.

“இனிக் கதைக்காதேங்கோ. மூச்சுக்கு வரத்தானே வேணும்.”

நின்றோம். மகன் கூட அழுகையை நிறுத்திவிட்டுக் கிணற்றைப் பார்த்தான். வெயில் ஏறியது. அவருடைய சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மீன் பெட்டி வெயிலில் நிற்கிறதே என்று எனக்குக் கவலையாக இருந்தது, அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

“வலையிலை ஆமை பட்டா நாங்கள் வலையை அறுத்துத்தான் விடுறனாங்கள்” என்றார், தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், இரகசியம் சொல்வது போல. “மீனெண்டா கிடக்கும். இது எங்களைப் போலை. மேலை வந்து மூச்சு எடுக்காட்டி முடிஞ்சுது.”

அது வந்தது. மீன்தலையைத் தேடி வரவில்லை, மூச்சுக்குத்தான் வந்தது. கூடையின் நடுவிலேயே வந்தது. அவர் இரண்டு கையாலும் இழுத்தார்.

வெளியே எடுத்துப் பார்த்தபோது நான் நினைத்ததைவிடச் சிறியதாக இருந்தது. ஓட்டின் உடைந்த இடம் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. இரண்டு கண்களும் மூடி, இமையோரம் வீங்கியிருந்தது.

“நல்ல தண்ணி கொண்டு வாங்கோ. மருந்தில்லாத தண்ணி. கண்ணைக் கழுவ வேணும்.”

நான் குசினிக்கு ஓடினேன். அங்கே போய் நின்றபோதுதான் யோசனை வந்தது. வீட்டில் இருந்த மற்ற எல்லாத் தண்ணீரிலும், குளிக்கும் தொட்டி உட்பட, மருந்து கலக்கிய வாளியால் அள்ளியது சேர்ந்திருந்தது. மருந்து படாததென்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒரே ஒரு குடம். மகனுக்காக முதல் நாள் கொதிக்க வைத்து ஆறவிட்டு, மூடி, மூடிக்கு மேல் துணி கட்டி வைத்திருந்த குடம். அந்தக் குடத்தை வேறு யாரும் தொட நான் விடுவதில்லை. மாமி ஒருமுறை அதிலிருந்து தேநீருக்கு எடுத்ததற்கு ஒரு நாள் முழுக்க முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் எனக்கு ஆமையின் மேல் இரக்கம் பெருகியது என்று எழுதலாம். அது முழு உண்மையாக இராது. எனக்குப் பயம்தான் பெருகியது. பிள்ளைக்காக என்று ஓர் உயிரைக் குருடாக்கினால் அந்தப் பாவம் பிள்ளையின் மேல் வந்து விழும் என்ற பயம். படித்தவள், இப்படி எண்ணக்கூடாது. எண்ணினேன். அதோடு, மகனுக்கு இப்போது தாகம் எடுத்தால் என்ன கொடுப்பது என்ற பயமும். இரண்டு பயமும் குடத்தின் இரண்டு பக்கமும் நின்றன. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

மீன்காரர் ஆமையைப் பிடித்துக்கொள்ள, நான் கோப்பையால் அதன் தலையில் மெதுவாக ஊற்றினேன். முதல் அரைக் குடத்துக்கு அது அசையவில்லை. மகன் என் இடுப்பிலிருந்து கையை நீட்டி, கோப்பையைப் பார்த்து, “தண்ணி” என்றான். அவனுக்குத் தெரிந்த ஐந்தாறு சொற்களில் அது ஒன்று.

“பிள்ளைக்குத் தாகம்” என்றார் அவர்.

“ஓம். பக்கத்து வீட்டிலை வாங்கிக் குடுக்கிறன். நீங்கள் பிடியுங்கோ.”

மிச்சத்தையும் ஊற்றினேன். குடம் முடியும் நேரத்தில் ஒரு கண் கொஞ்சமாகத் திறந்தது. கறுப்பு மணி போல இருந்தது. மற்றக் கண் திறக்கவில்லை.

போகும்போது அவர் மீன்தலையை எடுத்துப் பூனைக்கு எறிந்தார். “வெள்ளிக்கிழமையிலை மீன்தலை வந்தது எண்டு மாமிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ” என்றார்.

மறுநாள் பின்னேரம் மாமி வந்தபோது ஆமை மகனைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் பேசினில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீரில். என்ன சொல்வது என்று நான் முதல் நாளிலிருந்தே வசனம் அமைத்து வைத்திருந்தேன். கிணறு இறைக்கிறவர் வந்தார், அவர்தான் எடுத்தார் என்று ஒரு வசனம்கூட இருந்தது. மாமி பையை வைத்துவிட்டு விறாந்தையில் நின்று பேசினைப் பார்த்தார். காற்றில் மணம் இன்னும் இருந்தது.

“பிள்ளைக்கு இண்டைக்கு எத்தினை தரம்?”

“ரெண்டு தரம் மாமி. இப்ப இறுக்கமாப் போகுது.”

“இவருக்கு?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் எடுக்கப் பார்த்ததை, முடியாமல் ஊற்றியதை, தட்டியதை. மீன்தலையை மட்டும் சொல்லவில்லை. மாமி குனிந்து அந்த மூடிய கண்ணைப் பார்த்தார். பிறகு உடுப்பு மாற்றிக்கொண்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் தண்ணீருக்குப் போனார். நானும் இன்னொரு குடத்தோடு பின்னால் போனேன். அடுத்து வந்த நாட்களிலும் அப்படித்தான். அவர் முன்னால், நான் பின்னால், காலையிலும் பின்னேரத்திலும். மூன்றாம் நாள் வேலிக் கரையில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

“என்ரை பிள்ளைக்கெண்டா நானும் ஊத்தியிருப்பன். ஆனா அவரை எடுத்துப்போட்டுத்தான் ஊத்தியிருப்பன்.”

 மாமியும் தட்டியிருப்பார் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லியிருக்கலாமோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

அடுத்த வாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நல்ல மனிதர். கிணற்றைப் பார்த்தார், மலசலகூடத்துக்கும் கிணற்றுக்கும் இடையே அடி வைத்து அளந்தார், மகனின் பால் போத்தலைக் கேட்டு வாங்கி மணந்து பார்த்தார்.

“ஆமையாலைதான் வந்ததோ ஐயா?”

“அதை இனி ஆர் சொல்லுறது? முதல் தண்ணியை எடுத்துச் சோதிச்சுப்போட்டெல்லோ மருந்து போட்டிருக்கவேணும்” என்றார். “இப்ப எடுத்தா சுத்தமெண்டுதான் வரும்.”

அதோடு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போயிற்று. மகனுக்குச் சுகமாகிவிட்டது. தண்ணீராலா, போத்தலை மாற்றியதாலா, அவனாகவேயா, தெரியாது. ஆமையோ பேசினில் எதையும் தின்னவில்லை. கீரைத் தண்டு வாடிக் கிடந்தது. பேசினின் ஓரத்தைப் பிறாண்டுவதும் நிறுத்திவிட்டது. மகன் கரண்டியை எடுத்துக்கொண்டுபோய்ப் பேசினில் இரண்டு தரம் தட்டுவான். அது ஒவ்வொரு தரமும் தலையை உள்ளே எடுக்கும். போவதற்கு இடம் இல்லாவிட்டாலும் எடுக்கும்.

மாமியிடம் என்ன செய்வது என்று கேட்டேன்.

“நீதானே எடுத்தனி. நீயே சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை கணவரின் மோட்டார் சைக்கிளில் அதை வாளியில் வைத்துக் குளத்துக்குக் கொண்டுபோனோம். அதுதான் நியாயம் என்று நான் முடிவெடுத்திருந்தேன். பிள்ளை குடிக்கிற தண்ணீரில் ஆமை வேண்டாம், ஆமைக்கும் குளம்தான் நல்லது, எல்லோருக்கும் நல்லது. கரையில், தாமரை இலைகளுக்குப் பக்கத்தில் விட்டேன். தலையை வெளியே எடுக்கவில்லை. கால் மணித்தியாலம் நின்றோம். கொஞ்சம் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர் எழும்பி வந்தார்.

“அக்கா, வேண்டாமெண்டா எங்களிட்டைத் தாங்கோ. ஆமை இறைச்சி நல்லா இருக்கும்.”

“இல்லை, இது வீட்டு ஆமை” என்று என் வாயிலிருந்து வந்தது.

“வீட்டு ஆமையோ?” என்று அவர் தன் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கணவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நான் அதைத் தூக்கி வாளிக்குள் வைத்தேன்.

“நீர்தானே குளத்திலை விடவேணும் எண்டனீர்?” என்று வழியில் கேட்டார்.

“ஓம்.”

“இப்ப கிணத்துக்கோ?”

“ஓம்.”

“பேந்து வயித்தாலை அடிச்சா?”

நான் பின்னால் இருந்து வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.  ஒரு கண் தெரியாத ஒன்றை, எங்கே விலகுவது என்று எங்கள் கிணற்றில் மட்டும் தெரிந்த ஒன்றை, அந்தக் கரையில் விட்டுவிட்டு வர முடியவில்லை. அதை அப்படி ஆக்கியதில் எனக்கும் பங்கு இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அது சரியான முடிவா என்று கேட்டால் தெரியாது.

மருந்தின் மணம் போய், கணவர் இரண்டு தரம் இறைத்துவிட்ட கிணற்றில் மீன்காரர் கட்டிய முறையிலேயே கூடை கட்டி அதை இறக்கினேன். கொஞ்ச நேரம் கூடைக்குள்ளேயே இருந்தது. பிறகு சாய்ந்து போய்விட்டது.

மகனுடைய தண்ணீரை இப்போது இருபது நிமிடம் கொதிக்க வைக்கிறேன். போதுமா என்று தெரியவில்லை. குடத்துக்கு மேல் துணி இரட்டிப்பாகக் கட்டுகிறேன். இந்த வருடம் கிணறு இறைப்பதற்கு முன்பு நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிழை என்று வந்தால் என்ன செய்வேன் என்பதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லவில்லை.

காலையில் வாளியை எடுத்ததும் கை தட்டப் போகிறது. இப்போது நான் அதைப் பிடித்து நிறுத்துகிறேன். தட்டினால் அதற்கு அந்த நாள் ஞாபகம் வருமோ, தட்டாவிட்டால் தெரியாத கண் பக்கமாக வாளி போய் விழுமோ. கடைசியில் தட்டத்தான் செய்கிறேன். தட்டிவிட்டு, முன்பைவிட அதிக நேரம் பொறுக்கிறேன். மிதந்துகொண்டிருந்த கறுப்பு, சற்றுத் தாமதமாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து கீழே போகும்வரை.

“பிள்ளை, இன்னும் என்ன செய்யிறாய் அங்கை?” என்று குசினிக்குள்ளிருந்து மாமி கேட்கிறார். “கேத்தில் தண்ணியில்லாமல் காயுது.”

“தட்டிப்போட்டு நிக்கிறன் மாமி. இன்னும் விலகேல்லை.”

“அப்ப நில்லு” என்கிறார்.